கடைமடைக்கும் மின்சாரம்
பம்புசெட்டு மோட்டார் எரியாமல் காக்க ஒரு கூட்டு முயற்சி

(கிணற்றுப் பாசன விவசாயிகளுக்கான பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



நான் உழவியல் ஆசிரியன். விதை அளவு, பயிர் இடைவெளி, களை எடுப்பு, நீர் நிர்வாகம் இவற்றைப் பற்றித்தான் உங்களிடம் பேசுவது வழக்கம். இன்று மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உழவியல்காரருக்கும் மின்சாரத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சம்பந்தம் எங்கள் சொந்த நிலக்கடலைக் காட்டில் ஏற்பட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிப் பட்டத்தில், என் தந்தையார் ஒன்றரை ஏக்கரில் இறவை நிலக்கடலை போட்டிருந்தார். விதைத்து 45 நாள் ஆகியிருந்தது. பூ முடிந்து விழுதுகள் மண்ணில் இறங்கும் பருவம். இந்தப் பருவத்தில் மேல்மண் ஈரமாகவும் பொலபொலப்பாகவும் இருக்க வேண்டும் என்று நான் எத்தனையோ ஊர்களில் பேசியிருக்கிறேன். அன்று காலை மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்தது. காயில் எரிந்துவிட்டது. மோட்டாரைக் கழற்றி, வண்டியேற்றி, டவுனுக்குக் கொண்டுபோய், காயில் கட்டி, திரும்பக் கொண்டுவந்து இறக்குவதற்குள் 11 நாள் ஓடிவிட்டது. அந்த 11 நாளும் காடு இறுகிக் கிடந்தது. செடி பார்வைக்குப் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் விழுதுகள் மண்ணைத் துளைக்க முடியாமல் நுனி கருகின. முந்தின ஆண்டு அதே நிலத்தில் 22 மூட்டை எடுத்தவர் அந்த முறை 13 மூட்டைதான் எடுத்தார். காயில் கட்டிய கூலி போக, 9 மூட்டைக் கடலையும் போயிற்று.

அந்த மோட்டாருக்கு அது இரண்டு ஆண்டில் மூன்றாவது காயில். கம்பி மட்டமான கம்பி என்று காயில் கட்டியவர் மேல் என் தந்தையாருக்குக் கோபம். ஆனால் விசாரித்துப் பார்த்தபோது ஒரு செய்தி தெரிந்தது. எங்கள் மின்மாற்றியிலிருந்து கம்பி போகும் வரிசையில், கடைசியாக உள்ள நான்கு கிணறுகளிலும் மோட்டார் அடிக்கடி எரிகிறது. மின்மாற்றிக்குப் பக்கத்துக் கிணறுகளில் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. நான்கு பேரும் காயில் கட்டியது ஒரே இடத்தில் அல்ல. மோட்டாரும் ஒரே கம்பெனி அல்ல. அப்படியானால் குற்றம் மோட்டாரில் இல்லை, வரும் மின்சாரத்தில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. வாய்க்காலில் தலைமடைக்காரருக்குத் தண்ணீர் நிறையவும் கடைமடைக்காரருக்குச் சொட்டுச் சொட்டாகவும் போவதில்லையா? மின்கம்பியிலும் கடைமடை உண்டு.

கடைமடையில் 350 வோல்ட்

பொறியியல் துறையில் உள்ள நண்பர் ஒருவர் மீட்டர்களுடன் வந்து ஒரு நாள் முழுவதும் அளந்து பார்த்தார். மின்மாற்றி 100 கே.வி.ஏ. திறன் உடையது. அதில் 24 பம்புசெட்டுகள். எல்லாம் ஏறத்தாழ 5 குதிரைத்திறன். எங்கள் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 415 வோல்ட் என்று பொறித்திருந்தது. எல்லாரும் ஓட்டும் நேரத்தில் எங்கள் கிணற்றடியில் வந்தது 350 வோல்ட்.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. பம்பு தூக்க வேண்டிய தண்ணீரின் பாரம் அநேகமாக அதே அளவுதான். அந்தப் பாரத்தைத் தூக்க, அழுத்தம் குறைந்த மின்சாரத்தை மோட்டார் கூடுதலாக இழுக்கிறது. 415 வோல்ட்டில் ஏறத்தாழ 7.8 ஆம்பியர் எடுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார், 350 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். காயிலில் பிறக்கும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. அதாவது ஆம்பியர் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சூடு ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கூடும். காயில் கம்பியின் மேலுள்ள பூச்சு, தாங்க வேண்டிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும் தன் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது மின்பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. மோட்டார் ஒரு நாளில் எரிவதில்லை. பல நாள் வெந்து, ஒரு நாள் எரிகிறது.

மோட்டார் புறப்படும்போதும் கேடு உண்டு. 350 வோல்ட்டில் மோட்டாரின் புறப்படு விசை, 415 வோல்ட்டில் இருப்பதில் 71 சதவிகிதம்தான். பாரத்தை அசைக்க முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டார், ஸ்டார்ட்டர் விடுவிக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே கருகிவிடும்.

சரி, வோல்டேஜ் ஏன் குறைகிறது? கம்பியில் போகும் ஆம்பியர் கூடக்கூட, வழியில் இழக்கும் வோல்டேஜும் கூடும். கம்பி நீளமாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். ஆகவே கம்பியில் தேவையின்றி ஓடும் ஆம்பியரைக் குறைப்பதே வழி. தேவையின்றி ஓடும் ஆம்பியர் ஒன்று உண்டா? உண்டு. அதுதான் இன்றைய பேச்சின் மையம்.

கைமாற்று மின்சாரம்

மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு காந்தமானால்தான் அதன் தண்டு சுற்றும். நமக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று வீதம் முன்னும் பின்னுமாக மாறி வருவது. காந்தம் ஏறும்போது மோட்டார் கம்பியிலிருந்து கொஞ்சம் சக்தியை வாங்கிக்கொள்கிறது. காந்தம் இறங்கும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இப்படி வாங்குவதும் கொடுப்பதும் வினாடிக்கு 100 முறை நடக்கிறது. இதைப் பொறியாளர்கள் ரியாக்டிவ் பவர் என்பார்கள். நாம் கைமாற்று மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் ஊரில் யாரிடமும் கலப்பை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லாரும் பக்கத்து ஊருக்கு வண்டி கட்டிப் போய்க் கலப்பையைக் கைமாற்றாக வாங்கி வருகிறார்கள். மாலையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். கலப்பை தேயவில்லை, கொடுத்தவர் வாடகை கேட்கவில்லை. ஆனால் வண்டிப் பாதை என்ன ஆகும்? போகும்போதும் வரும்போதும் பாதை நெடுகக் கலப்பை வண்டிகளே நிற்கும். மூட்டை ஏற்றிய வண்டிக்கு வழி கிடைக்காது. கைமாற்று மின்சாரம் செய்வதும் இதுதான். அது தண்ணீர் இறைப்பதில்லை. யூனிட் கணக்கிடும் சாதாரண மீட்டரிலும் ஏறுவதில்லை. ஆனால் மின்மாற்றியிலும் கம்பியிலும் இடத்தை அடைத்துக்கொண்டு, கம்பியைச் சூடாக்கி, வோல்டேஜைக் குறைக்கிறது.

கைமாற்று இல்லாமல் மோட்டார் ஓடாது. எனவே அதை ஒழிக்க முடியாது. ஆனால் அவரவர் வீட்டிலேயே ஒரு கலப்பை இருந்துவிட்டால் பக்கத்து ஊர்ப் பயணம் மிச்சமாகும் அல்லவா? அப்படி வீட்டுக் கலப்பையாக இருப்பதுதான் மோட்டாரோடு சேர்த்துப் பொருத்தும் கெபாசிட்டர். மோட்டார் சக்தியை வாங்கும் நொடியில் கெபாசிட்டர் கொடுக்கிறது. மோட்டார் கொடுக்கும் நொடியில் கெபாசிட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கல் கிணற்றடியிலேயே முடிந்துவிடுகிறது.

வரும் மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கைக் காட்டும் எண்ணுக்குத் திறன் காரணி, அதாவது பவர் ஃபாக்டர் என்று பெயர். கெபாசிட்டர் இல்லாத பம்புசெட்டு மோட்டாரில் இது 0.8 அளவில் இருக்கும். பாரம் குறைவாக ஓடும் மோட்டாரில் இன்னும் குறையும். தக்க கெபாசிட்டர் போட்டால் 0.95 வரை உயரும். நமது 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் பொருத்தினால் கம்பியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் 7.8 ஆம்பியரிலிருந்து ஏறத்தாழ 6.6 ஆம்பியராகக் குறையும். இறைக்கும் தண்ணீர் குறையாது. கம்பியில் சூடாக வீணாகும் சக்தி ஏறத்தாழ 30 சதவிகிதம் குறையும்.

இதை மின்மாற்றியின் கணக்கில் பாருங்கள். 100 கே.வி.ஏ. மின்மாற்றி தாங்கக்கூடியது ஏறத்தாழ 133 ஆம்பியர். கெபாசிட்டர் இல்லாமல் ஒவ்வொன்றும் 7.8 ஆம்பியர் எடுத்தால் 17 மோட்டார்களை அது தாங்கும். எல்லா மோட்டாருக்கும் கெபாசிட்டர் இருந்தால் 20 மோட்டார்களைத் தாங்கும். புதிதாக ஒரு கம்பியும் இழுக்காமல் மூன்று கிணறுகளுக்கு இடம் கிடைக்கிறது.

கெபாசிட்டரின் அளவு

வழக்கமாகப் பொருத்தப்படும் அளவுகள் வருமாறு:

3 குதிரைத்திறன் மோட்டாருக்கு: 1 கே.வி.ஏ.ஆர்.
5 குதிரைத்திறன் மோட்டாருக்கு: 2 கே.வி.ஏ.ஆர்.
7.5 குதிரைத்திறன் மோட்டாருக்கு: 3 கே.வி.ஏ.ஆர்.
10 குதிரைத்திறன் மோட்டாருக்கு: 4 கே.வி.ஏ.ஆர்.

உரம் கூடப் போட்டால் விளைச்சல் கூடும் என்று எண்ணுவது போல, பெரிய கெபாசிட்டர் போட்டால் நல்லது என்று எண்ணக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் வேளையில் மிகை வோல்டேஜ் உண்டாகிக் காயிலுக்கே கேடு விளையும்.

பொருத்தும் இடமும் முக்கியம். கெபாசிட்டரை ஸ்டார்ட்டருக்குப் பின்னால், மோட்டார் பக்கம் இணைக்க வேண்டும். அப்போதுதான் மோட்டார் ஓடும்போது அதுவும் சேரும், மோட்டார் நிற்கும்போது அதுவும் விலகும். மோட்டார் நின்ற பிறகும் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் கெபாசிட்டர்கள், பாரம் இல்லாத வேளையில் வோல்டேஜை அளவுக்கு மேல் ஏற்றிவிடும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் உள்ள பெரிய மோட்டார்களுக்கு இணைப்பு முறை வேறு. அதைத் தெரிந்த மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேக்கு அப்பால் கெபாசிட்டரை இணைத்தால், ரிலே வழியாகப் போகும் மின்னோட்டம் 7.8 லிருந்து 6.6 ஆகக் குறைந்துவிடும். ரிலேயைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டால், மோட்டாருக்குப் பாரம் மிகுந்தாலும் ரிலே காலத்தில் விடுவிக்காது. ஆகவே கெபாசிட்டர் பொருத்திய அன்றே ரிலேயின் அளவையும் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

மின்சாரம் இலவசம், எனக்கு என்ன லாபம்?

எங்கள் ஊரில் இதை எடுத்துச் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "தம்பி, 1990 லிருந்து நமக்குக் கரண்ட் இலவசம். மீட்டரில் ஏறாத மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நான் எதுக்குக் கைக்காசு போட்டுக் கெபாசிட்டர் வாங்கணும்?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். கெபாசிட்டர் உங்கள் மோட்டாரின் காயிலுக்குள் ஓடும் மின்னோட்டத்தை நேராகக் குறைப்பதில்லை. கெபாசிட்டர் இணைத்த இடத்திலிருந்து மின்மாற்றி வரையிலும் அதற்கு அப்பாலும் உள்ள கம்பியில்தான் மின்னோட்டம் குறைகிறது. ஆகவே நீங்கள் ஒருவர் மட்டும் மாட்டினால் உங்கள் கிணற்றில் வோல்டேஜ் ஒன்றிரண்டு கூடலாம், அவ்வளவுதான். அதே ஒன்றிரண்டு உங்கள் பக்கத்துக்காரருக்கும் கிடைக்கும். உங்களுக்குத் தனியாகப் பெரிய லாபம் தெரியாது. இதனால்தான் ஒருவர் வாங்கி மாட்டி, பயன் இல்லை என்று கழற்றி மூலையில் போடுகிறார். மற்றவர்கள் அதைப் பார்த்து வாங்குவதே இல்லை.

ஆனால் 24 பேரும் மாட்டினால் அந்த ஒன்றிரண்டு வோல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவர் கிணற்றுக்கும் வருகின்றன. வோல்டேஜ் கூடினால் காயிலில் ஓடும் மின்னோட்டம் குறைகிறது, மோட்டார் பிழைக்கிறது. வாய்க்கால் தூர் வாருவது போல இது. தன் வயலுக்கு எதிரே உள்ள பத்தடியை மட்டும் வாரியவனுக்குத் தண்ணீர் கூடி வராது. ஊரே சேர்ந்து வாரினால் கடைமடை வரை பாயும். மேலும், மின்சாரம் இலவசமானாலும் காயில் கட்டுவது இலவசம் அல்ல. பருவம் தவறிய பயிரும் இலவசமாகத் திரும்பி வராது.

இது கிணற்றடி விஷயம் மட்டும் அல்ல. 1987 ஜூலை 23 அன்று ஜப்பானின் டோக்கியோ நகரில் கடும் வெயில். நண்பகல் உணவு வேளை முடிந்ததும் குளிர்சாதன மோட்டார்கள் கூட்டமாக ஓடத் தொடங்கின. வோல்டேஜ் சரிந்தது. சரியச் சரிய அந்த மோட்டார்கள் மின்னோட்டத்தை மேலும் இழுத்தன. துணை மின்நிலையங்களில் இருந்த கெபாசிட்டர்களை இணைத்தும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. எங்கள் 24 கிணறுகளில் சிறிய அளவில் நடந்ததுதான் அங்கே பெரிய அளவில் நடந்தது.

மூன்று பேஸும் சமமாக வேண்டும்

கூட்டு வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளும் சமமாக இழுத்தால் வண்டி நேராகப் போகும். ஒன்று சோர்ந்தால் மற்றதற்குக் கழுத்துப் புண்தான் மிஞ்சும். நம் மோட்டாருக்கு மூன்று பேஸ்கள் மூன்று மாடுகள். மூன்றிலும் வோல்டேஜ் சமமாக இருக்க வேண்டும்.

அளந்து பார்ப்பது எளிது. மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக மாற்றி மாற்றி அளந்தபோது 410, 400, 384 வோல்ட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் சராசரி 398. சராசரியிலிருந்து மிக விலகி நிற்பது 384. விலகல் 14 வோல்ட், அதாவது 3.5 சதவிகிதம். இது சிறிய வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் இந்த அளவு ஏற்றத்தாழ்வுக்கே காயிலின் சூடு ஏறத்தாழ 25 சதவிகிதம் கூடும். வோல்டேஜில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால் ஆம்பியரில் ஆறு முதல் பத்துப் பங்கு வேறுபாடு வரும். 5 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் மோட்டாரை ஓட்டவே கூடாது.

மூன்று பேஸ் மோட்டார் தானாக மூன்று கம்பிகளிலும் சமமாகத்தான் இழுக்கும். ஏற்றத்தாழ்வு வேறு வழிகளில் வருகிறது. வீடுகள், தெருவிளக்குகள், ஒரு பேஸ் மோட்டார்கள் ஆகியவை ஒரே கம்பியில் குவிந்திருப்பது ஒரு காரணம். மின்மாற்றியடியில் பியூஸ் சரியாகப் பிடிக்காமல் இருப்பது, கம்பி இணைப்பு தளர்ந்து கருகியிருப்பது ஆகியவை வேறு காரணங்கள். ஒரு பேஸ் முழுவதும் போய்விட்டால், முழுப் பாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மீதி இரண்டு கம்பிகளில் ஒன்றேமுக்கால் மடங்கு அல்லது அதற்கும் மேல் மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது தானாக நிறுத்தும் ஒற்றைப் பேஸ் தடுப்புக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் கசப்பானாலும் சொல்ல வேண்டும். மூன்று பேஸ் இல்லாத நேரத்தில், இரண்டு பேஸில் "கண்டென்சர்" பெட்டி வைத்து மூன்றாவது பேஸை உண்டாக்கி மோட்டாரை ஓட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. காய்கிற பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கும் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியும் நான் சொல்லும் கெபாசிட்டரும் ஒன்று அல்ல. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வேலை நேர்மாறானது. நான் சொல்வது மூன்று கம்பியிலும் சமமாக இருந்து கம்பியின் பாரத்தைக் குறைக்கிறது. அந்தப் பெட்டி பாரம் முழுவதையும் இரண்டு கம்பிகளின் மேல் ஏற்றுகிறது. மோட்டாரும் தன் முழுத் திறனைத் தர முடியாமல் சமமின்றிச் சூடேறுகிறது. ஒருவர் அப்படி ஓட்டினால் அவர் மோட்டார் வேகிறது. பத்துப் பேர் ஓட்டினால் மின்மாற்றியே வேகிறது. மின்மாற்றி போனால் 24 கிணறும் சேர்ந்து நிற்கும்.

எல்லாரும் ஒரே நொடியில்

மூன்று பேஸ் மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இப்போது பல கிணறுகளில் உள்ளது. நள்ளிரவில் எழுந்து போக வேண்டியதில்லை என்பதால் வசதிதான். ஆனால் மோட்டார் புறப்படும்போது ஓடும்போது எடுப்பதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் எடுக்கும். 17 மோட்டார்கள் ஒரே நொடியில் புறப்பட்டால் 800 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். மின்மாற்றி தாங்கக்கூடியதோ 133. வோல்டேஜ் படுத்துவிடும். படுத்தால் ஒரு மோட்டாரும் எழ முடியாது. எல்லாம் உறுமிக்கொண்டு நிற்கும், அல்லது பியூஸ் போகும்.

இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆட்டோ ஸ்டார்ட்டரில் தாமதம் வைக்கும் வசதி இருந்தால், முதல் கிணற்றுக்கு ஒரு நிமிடம், அடுத்ததற்கு இரண்டு நிமிடம் என்று வரிசையாக வைத்துவிடலாம். வசதி இல்லாத பெட்டிக்குத் தாமதக் கருவி தனியாகவும் கிடைக்கும். கடைமடைக் கிணறுகளுக்கு முதல் இடம் கொடுங்கள். கம்பியில் பாரம் ஏறுமுன் அவர்கள் மோட்டார் எழுந்துவிட வேண்டும்.

முறை வைப்போம்

ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது நமக்குப் புதிது அல்ல. கோவைப் பகுதிக்கு 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கவலையிறைப்பு மெல்ல மறைந்தது. கிணறு அவரவர் சொந்தம், முறை தேவை இல்லை என்று ஆயிற்று. இன்று தமிழ்நாட்டில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் இருக்கின்றன. கிணறு தனித்தனிதான். ஆனால் மின்மாற்றி பொது. அதுவும் ஓர் ஏரி போலத்தான்.

எங்கள் ஊர்க் கணக்கைச் சொல்கிறேன். 24 மோட்டார்கள். கெபாசிட்டர் எல்லாருக்கும் இருந்தால் ஒரே நேரத்தில் 20 ஓடலாம். நான்கு மோட்டார்கள் ஓய்வாக இருக்க வேண்டும். நான்கு நான்காக ஆறு குழு பிரித்துக்கொண்டோம். மூன்று பேஸ் மின்சாரம் 6 மணி நேரம் வந்தால், ஒவ்வொரு குழுவும் ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும். 5 மணி நேரம் நல்ல மின்சாரம் கிடைக்கும். கெபாசிட்டர் இல்லாமல் இதே முறையை வைத்திருந்தால் 17 மட்டுமே ஓடலாம். ஒவ்வொருவரும் ஒன்றேமுக்கால் மணி நேரம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கெபாசிட்டரின் மதிப்பு இந்த முக்கால் மணி நேரத்தில் தெரிகிறது.

இந்த இடத்தில் உழவியலுக்கு வேலை வருகிறது. எல்லாப் பயிருக்கும் எல்லா நாளும் தண்ணீர் ஒரே அவசரம் அல்ல. நெல்லுக்குக் கதிர் உருவாகும் பருவம் முதல் பூக்கும் வரை, மக்காச்சோளத்துக்கு ஆண்பூ வெளிவந்து பெண்கதிரில் பட்டிழை நீளும் பருவம், நிலக்கடலைக்குப் பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடிக்கும் பருவம் ஆகியவை தண்ணீர் தவறக் கூடாத நாட்கள். இந்த நாட்களில் இருப்பவர் தன் ஓய்வு மணியை, முதிர்ந்த பயிரோ தரிசோ வைத்திருப்பவரிடம் மாற்றிக்கொள்ளலாம். யார் வயலில் என்ன பயிர், எத்தனையாவது நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் சண்டை இல்லாமல் நடக்கும்.

இனிச் செய்ய வேண்டியவை

1. ஒரே மின்மாற்றியில் உள்ள எல்லாரும் ஒரு நாள் கூடுங்கள். எத்தனை மோட்டார், எத்தனை குதிரைத்திறன் என்று பட்டியல் எழுதுங்கள். பெயர்த்தகட்டில் உள்ளதைவிடப் பெரிய மோட்டாரை மாட்டியிருப்பவரும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

2. தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, எல்லாம் ஓடும் வேளையில் முதல் கிணற்றிலும் கடைசிக் கிணற்றிலும் வோல்டேஜையும் ஆம்பியரையும் அளந்து எழுதி வையுங்கள்.

3. கெபாசிட்டரைக் கூட்டாக, ஒரே சமயத்தில், தரக் குறியீடு உள்ளதாகப் பார்த்து வாங்கிப் பொருத்துங்கள். ரிலே அளவை அன்றே மாற்றுங்கள்.

4. கெபாசிட்டரும் கெட்டுப்போகும். வீங்கியிருந்தால், கசிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை டாங் டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள். 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டருக்குப் போகும் மூன்று கம்பிகளிலும், 415 வோல்ட்டில், ஏறத்தாழ 2.8 ஆம்பியர் வீதம் சமமாக ஓட வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் இதுவும் அதற்கேற்பக் குறையும். ஒன்றில் மட்டும் குறைந்தாலும், ஓடாவிட்டாலும் அது செத்த கெபாசிட்டர்.

5. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். உடனே தொடக் கூடாது. ஐந்து நிமிடமாவது பொறுத்து, மின்பணியாளர் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

6. பேஸ் ஏற்றத்தாழ்வு தெரிந்தால் கம்பத்தில் ஏறி நீங்களே கம்பியை மாற்றிக் கட்ட வேண்டாம். இப்படி ஏறியவர்கள் உயிரோடு இறங்காத கதை பல ஊர்களில் உண்டு. அளந்து எழுதிய தாளுடன் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஒரு பேஸ் இணைப்புகளை மூன்று கம்பிகளிலும் பகிர்ந்து கட்டுவதும், பாரம் மிகுந்த மின்மாற்றிக்குத் துணையாக இன்னொன்று வைப்பதும் அவர்கள் பணி. "வோல்டேஜ் இல்லை" என்ற வாய்ச்சொல்லைவிட, எண்கள் எழுதிய தாளுக்கு வலு அதிகம்.

7. ஃபுட்வால்வு அடைப்பு, தேய்ந்த பேரிங், தேவைக்கு மேல் வளைவுகள், சிறுத்த குழாய் ஆகியவையும் மோட்டாரின் பாரத்தைக் கூட்டும். இவற்றையும் பட்டத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

எங்கள் ஊரில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 24 பேரில் 19 பேர் கெபாசிட்டர் மாட்டினார்கள். ஐந்து பேர் மாட்டவில்லை. முறை வைப்பதில் முதல் மாதம் இரண்டு முறை வாக்குவாதம் வந்தது. தலைமடைக் கிணற்றுக்காரர் ஒருவர், "எனக்கு மோட்டார் எரிவதில்லை, நான் ஏன் நிறுத்தணும்?" என்றார். மின்மாற்றி எரிந்தால் தலைமடை கடைமடை பார்க்காது என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் கெபாசிட்டர் மாட்டியதோடு, முறை நோட்டையும் இப்போது அவரே வைத்திருக்கிறார். எங்கள் கிணற்றடியில் 350 ஆக இருந்த வோல்டேஜ் எல்லாரும் ஓட்டும் வேளையில் 380 வரை வருகிறது. 415 இன்னும் வரவில்லை. இரண்டாவது மின்மாற்றிக்கு மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் அதன் பிறகு என் தந்தையாரின் மோட்டார் காயில் கட்டக் கழற்றப்படவில்லை. சென்ற மார்கழிப் பட்டத்துக் கடலைக்கு விழுது இறங்கும் பருவத்தில் இரண்டு தண்ணீர் தவறாமல் கிடைத்தது.

ஆகவே, உழவர் பெருமக்களே, மோட்டார் எரிந்தால் காயில் கட்டியவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் மின்மாற்றிக் கம்பியின் கடைசியில் யார் கிணறு இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர் மோட்டார் கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை முறை எரிந்தது என்று கேளுங்கள். கூட்டத்தை அவர் கிணற்றடியிலேயே போடுங்கள்.